கண்ணில் படாத பாம்பு

தமிழ்நாட்டு வீடுகளிலும் தோட்டங்களிலும் மனிதர் கண்ணில் படும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்புகளால் நேரும் இறப்புகளிலோ பல, கடிபட்டவர் கடிக்கு முன் அந்தப் பாம்பைப் பார்த்தே இராத நிலையில் நேர்பவை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து எண்ணினால், பாம்பைப் பற்றிய பொது அச்சம் உண்மையான ஆபத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது விளங்கும். பட்டப்பகலில் முற்றத்தைக் கடந்து ஓடும் சாரைப்பாம்பைக் கண்டால் தெருவே தடியோடு திரண்டுவிடுகிறது. அதே தெருவில் இரவு நேரத்தில் விளக்கில்லாத சந்து வழியே வெறுங்காலுடன் நடப்பதோ, சுவரோரம் பாய் விரித்துத் தரையில் உறங்குவதோ எவரையும் அச்சுறுத்துவதில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்தனர் என்று, வீடு வீடாகச் சென்று இறப்பின் காரணங்களைக் கேட்டறிந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுவதால், இந்தச் சுமையின் பெரும்பங்கை இந்தியா ஒன்றே தாங்குகிறது என்று கொள்ளலாம். இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டோர் கிராமத்தினர். அவர்களில் பெரும்பாலோர் உயிர் விட்டது மருத்துவமனைக்கு வெளியே. உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தபோது, நெடுங்காலமாக விதியின் கணக்கில் எழுதப்பட்டுவந்த இறப்புகள் தடுக்கக்கூடிய இறப்புகளாக முறைப்படி ஒப்புக்கொள்ளப்பட்டன என்றே சொல்ல வேண்டும்.

பாம்பு வீட்டுக்குள் வருவது மனிதரைத் தேடியன்று. இரை, மறைவிடம், உடலுக்கு ஒத்த வெப்பம் ஆகியவற்றைத் தேடியே அது வருகிறது. தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத விலங்காதலால் அது கோடையில் குளிர்ச்சியையும், குளிர்ந்த இரவில் கதகதப்பையும் வெளியிலிருந்தே பெற்றாக வேண்டும். சித்திரை வெயிலில் ஈரம் உலராத குளியலறைத் தரையும், கிணற்றடியும், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் அதை ஈர்ப்பது இதனால்தான். நெல் மூட்டையும், கோழித் தீவனமும், கொல்லையில் கொட்டப்படும் மீந்த சோறும் எலிகளை அழைத்துவருகின்றன; வாசல் விளக்கைச் சுற்றும் பூச்சிகள் பல்லியையும் தவளையையும் அழைத்துவருகின்றன; இவற்றின் பின்னால் பாம்பு வருகிறது. வீட்டைச் சுற்றித் திரியும் பாம்புகள் பெரும்பாலும் தமக்கென வளை தோண்டுவதில்லை. எலி தோண்டிய வளையிலும், கறையான் எழுப்பிய புற்றிலும், கல்லுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட வெடிப்பிலும் அவை குடியேறுகின்றன. ஆகவே அடித்தளத்தில் எலி வளை விழுந்த வீடு பாம்புக்கு உணவையும் உறைவிடத்தையும் ஒருசேர அளிக்கிறது.

பருவமும் இதில் பங்கு கொள்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போது வளைகளில் நீர் புகுவதால், மேடான திண்ணை, விறகடுக்கு, மாட்டுக்கொட்டகை ஆகியவற்றை நாடிப் பாம்புகள் இடம் பெயர்கின்றன. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்புகளிலும், பிற ஊர்களில் ஏரிக்கரை ஓரங்களிலும் எழுந்துள்ள குடியிருப்புகளில் மழைக்காலந்தோறும் தண்ணீர்ப் பாம்பும் சாரையும் விரியனும் தென்படுவதில் வியப்பில்லை. அங்கே பாம்பு வீட்டுக்குள் வந்தது என்பதைவிட, பாம்பின் இடத்துக்குள் வீடு வந்தது என்பதே சரி. கோடையில் முட்டையிடும் நல்ல பாம்பின் குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வெளிவருகின்றன. கண்ணாடி விரியன் முட்டையிடாமல் ஒரே ஈற்றில் 20 முதல் 40 குட்டிகள் வரை ஈனுகிறது. இக்குட்டிகளுக்குப் பிறந்தவுடனே நஞ்சு உண்டு என்பதால், சிறியது தானே என்று அலட்சியமாகக் கையில் எடுப்பது பெரும் பிழையாகும்.

தென்னிந்திய வீடுகளைச் சுற்றி வாழும் பாம்புகளில் மனித உயிருக்குப் பெருங்கேடு விளைவிப்பவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மருத்துவ நூல்கள் இவற்றைப் பெரும் நான்கு என்று வழங்குகின்றன. நல்ல பாம்பு படமெடுத்து நின்று எச்சரிப்பதால், நால்வகையில் இதை அடையாளம் காண்பது எளிது. தப்பிச் செல்ல வழி இருந்தால் அது பெரும்பாலும் விலகியே செல்லும். கண்ணாடி விரியன் பருத்த உடலும், முதுகிலும் விலாவிலும் வரிசையாகச் செல்லும் கரும்பழுப்பு வட்டங்களும் கொண்டது. நெருங்கினால் சுருண்டு கிடந்தபடியே பிரஷர் குக்கரில் ஆவி பீறிடுவதைப் போன்ற உரத்த சீற்றத்தை எழுப்பும். சருகோடும் மண்ணோடும் நிறம் கலந்து அசையாமல் கிடப்பது இதன் இயல்பாதலால், அந்தி மங்கலில் வயல் வரப்பிலும் வைக்கோல் போர் அருகிலும் இதை மிதித்துவிடுவோர் பலர். சுருட்டை விரியன் இவற்றுள் மிகச் சிறியது. வறண்ட, கல் நிறைந்த நிலத்தில் வாழ்வது. உடலை மடித்து மடித்து உரசுவதால் அதன் செதில்கள் சரசரவென ஒலிக்கும். கல்லைப் புரட்டும் கையும், விறகை அள்ளும் கையுமே பெரும்பாலும் இதன் கடிக்கு ஆளாகின்றன.

கட்டுவிரியனைப் பற்றி மட்டும் விரிவாகப் பேச வேண்டியுள்ளது. ஏனெனில் உறங்கும் மனிதரை வீட்டுக்குள்ளேயே கடிக்கும் பாம்பு என்ற வகையில் இதற்கு இணையானது இந்தப் பகுதியில் இல்லை. எட்டடி விரியன் என்றும் ஊர்ப்புறங்களில் அழைக்கப்படும் இது, பளபளக்கும் கருமையான உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடத் தோன்றும். அக்கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். வாலை நோக்கிச் செல்லச் செல்லத் தெளிவாகவும், தலையை நோக்கி வர வர மங்கியும் மறைந்தும் காணப்படும். முதுகின் நடுவே, மற்றச் செதில்களைவிடப் பெரிய அறுகோணச் செதில்கள் ஒரே வரிசையாகச் செல்வது இதன் உறுதியான அடையாளம். இதனோடு குழப்பிக்கொள்ளப்படுவது, பல்லி தின்பதற்காக வீட்டுச் சுவர்களில் ஏறித் திரியும் நஞ்சற்ற ஓலைப்பாம்பு. பழுப்பு நிறமான அதன் உடலில் பட்டைகள் கழுத்தை ஒட்டியே அகலமாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கிவிடும். நடுமுதுகில் பெரிய செதில் வரிசையும் இராது. நூலில் படிக்கும்போது தெளிவாகத் தோன்றும் இந்த வேறுபாடு, இரவு இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பதற்றத்தோடு பார்ப்பவருக்குப் பயன்படாது என்பதால், பட்டையுள்ள எந்தப் பாம்பையும் கட்டுவிரியன் என்றே கருதி விலகி நிற்பதுதான் அறிவுடைமை.

பகலில் கட்டுவிரியன் மந்தமாகச் சுருண்டு கிடக்கும். சீண்டினாலும் தலையை உடலுக்கடியில் மறைத்துக்கொள்ளுமே தவிர எளிதில் கடிக்காது. இருட்டியபின் அது முற்றிலும் மாறிவிடுகிறது. எலி, பல்லி, பிற பாம்புகள் ஆகியவற்றைத் தேடிச் சுவரோரமாக ஊர்ந்து வரும் அது, தரையில் படுத்திருப்பவரின் உடலோடு உரச நேர்ந்து, உறங்குபவர் புரண்டு அதை அழுத்தினால் கடித்துவிடுகிறது. அதன் பற்கள் சிறியவை. கடியில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. பல்தடம் கூடக் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். கடிபட்டவர் எறும்போ கொசுவோ என்று எண்ணி மீண்டும் உறங்கிவிடுகிறார். விடியற்காலையில் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வருகின்றன, சற்று நேரத்தில் இமைகள் தாமாகச் சரிகின்றன, பார்வை இரட்டையாகிறது, விழுங்கவும் பேசவும் இயலாமல் போகிறது. உடலில் காயம் எதுவும் இல்லாததால் உணவு ஒவ்வாமை என்றோ, வேறு நோய் என்றோ கருதிப் பொன்னான நேரம் கழிந்துவிடுகிறது. தரையில் படுத்து உறங்கிய ஒருவர், குறிப்பாகக் குழந்தை, காரணம் தெரியாத வயிற்றுவலியோடு விழித்து, கண்ணைத் திறக்கத் திணறினால், அதைக் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம் என்று ஐயுற்று உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது அவசியம்.

இந்த நஞ்சு நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையிலான செய்திப் பரிமாற்றத்தைத் துண்டிக்கிறது. மூளை இட்ட கட்டளை தசைக்கு எட்டாததால் மூச்சு விடும் தசைகளும் செயலிழக்கின்றன. உடலை அசைக்கவும் இமையைத் திறக்கவும் இயலாத நிலையிலும், கடிபட்டவர் சுற்றியிருப்போர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். கண்மணியும் ஒளிக்கு விரியாமல் சுருங்காமல் நிற்பதால் மூளைச்சாவு என்று தவறாக முடிவு செய்யப்படும் ஆபத்து உண்டு. வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு சில நாட்கள் தாக்குப்பிடிக்கச் செய்தால், நரம்பு முனைகள் மெல்லப் புதுப்பிக்கப்பட்டு, அத்தகையவரும் எழுந்து நடமாடும் அளவுக்குத் தேறிவிடுகின்றனர். ஆதலால் கட்டுவிரியன் கடியில் நம்பிக்கையைக் கைவிடுவதற்குரிய கட்டம் என்று ஒன்று எளிதில் வந்துவிடுவதில்லை.

இவ்வளவு கொடிய ஆபத்துக்கு இத்தனை எளிய தடுப்பு வேறெதற்கும் இருக்குமா என்பது ஐயமே. கட்டிலில் படுப்பதும், கொசுவலையைக் கட்டி அதன் விளிம்புகளைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகுவதும் கட்டுவிரியனை விலக்கிவைக்கப் போதுமானவை. நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் நடந்த ஆய்வில், கொசுவலைக்குள் உறங்கியவர்களுக்குப் பாம்புக்கடி மிகக் குறைவாகவே நேர்ந்தது கண்டறியப்பட்டது. கட்டில் வாங்க வசதியில்லாத வீட்டில், தரையில் விரித்த பாயின் மீதும் வலையை இறக்கி நான்கு புறமும் பாயின் அடியில் மடித்துவிட்டால் பயன் உண்டு. காலைக்கடன் கழிக்க இருட்டில் முள்வேலி ஓரம் செல்ல வேண்டிய நிலையும், காலில் செருப்பில்லாத வறுமையும், தெருவிளக்கு எட்டாத குடியிருப்பும் பாம்புக்கடிக்கு நேரான காரணங்கள் என்பதை எண்ணும்போது, ஓர் ஊருக்குக் கழிப்பறையும் விளக்கும் அமைத்துத் தருவதைப் பாம்புக்கடித் தடுப்புப் பணியாகவே அரசு கணக்கில் கொள்ள வேண்டும்.

வீட்டைப் பாம்பு அண்டாதபடி வைத்துக்கொள்வதற்கு மக்களிடையே வழங்கும் முறைகளில் பல பயனற்றவை. வாசலில் சிறியாநங்கைச் செடி வளர்ப்பது, பூண்டும் பெருங்காயமும் கரைத்துத் தெளிப்பது, பினாயில் ஊற்றுவது ஆகியவற்றால் பாம்பு விலகிச் செல்லும் என்பதற்குச் சான்று இல்லை. பாம்பு பிளவுபட்ட நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள வாசனைத் துகள்களைத் திரட்டி, வாயின் மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்த்து மணத்தை உணர்கிறது. ஆனால் தனக்குப் பிடிக்காத மணம் இருப்பதாலேயே எலி நடமாடும் இடத்தை அது விட்டுவிடுவதில்லை. உண்மையில் பயன் தருபவை உழைப்பைக் கோருபவை: எலி வளைகளைச் சிமெண்டு வைத்து அடைத்தல், கழிவுநீர்க் குழாயின் வாய்க்கு இரும்புச் சல்லடை பொருத்துதல், கதவின் அடியிலுள்ள இடைவெளியை ரப்பர் பட்டையால் மூடுதல், சன்னலைத் தொடும் கிளைகளைக் கழித்தல், தானியத்தை மூடியுள்ள கலனில் வைத்தல். விறகும் வறட்டியும் செங்கல்லும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கப்படும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் எங்கும் உண்டு; அவற்றைச் சுவரிலிருந்து விலக்கி, தரையிலிருந்து சற்று உயர்த்தி அடுக்குவதும், எடுக்கும்போது முதலில் ஒரு கோலால் தட்டிவிட்டு எடுப்பதும் நல்லது. கோழிக்கூட்டைப் படுக்கும் இடத்திற்கு அருகில் வைக்கலாகாது. காலணியைப் போடுமுன் தட்டிப் பார்ப்பதும், இரவில் டார்ச் இல்லாமல் கொல்லைக்குச் செல்லாதிருப்பதும் குழந்தைகளுக்கு இளமையிலேயே பழக்கப்படுத்த வேண்டியவை.

நம்பிக்கைகளைப் பொறுத்தவரை, தமிழர் பாம்போடு கொண்டுள்ள உறவு இரண்டு முனைகளில் நிற்கிறது. ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் வார்க்கும் ஊரிலேயே, அப்புற்றிலிருந்து வெளிப்படும் பாம்பு அடித்துக் கொல்லப்படுகிறது. பாம்பு ஊனுண்ணும் விலங்கு. பால் அதன் உணவன்று. நீரின்றி நெடுநாள் அடைத்து வைக்கப்பட்ட பாம்பு தாகத்தால் எதையும் குடிக்கும் என்பதைப் பாம்பாட்டிகள் பயன்படுத்திக்கொண்டனர். அடித்தவரை நினைவில் வைத்துப் பழிவாங்கும் ஆற்றல் அதன் மூளைக்கு இல்லை. சாரையும் நல்ல பாம்பும் பிணைகின்றன என்று காட்டப்படும் காட்சி, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பெண்ணுக்காக நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு நடத்தும் பலப்பரீட்சையே ஆகும். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும், கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்க மரமேறும் என்பன போன்ற கதைகளால் மரத்தில் வாழும் தீங்கற்ற உயிர்கள் வீணே மடிகின்றன. மண்ணுளிப் பாம்பின் மழுங்கிய வாலைத் தலையாக எண்ணி, அதை இருதலைப் பாம்பென்று பெருந்தொகைக்கு விற்க முயலும் மோசடிகள் இன்னும் நடக்கின்றன.

சாரைப்பாம்பைக் கொல்வதால் விளையும் இழப்பைத் தனியே சொல்ல வேண்டும். ஏழு அடிக்கு மேலும் வளரக்கூடிய இந்தப் பாம்பு பகலில் இயங்குவது. எலிகளை வளைக்குள்ளேயே புகுந்து பிடிப்பது. நஞ்சு சிறிதும் இல்லாதது. களஞ்சியத்தையும் வயலையும் ஒருசேரக் காக்கும் இதை இழக்கும் தோட்டத்தில் எலி பெருகும். எலி பெருகினால் நல்ல பாம்பும் விரியனும் அங்கே உணவு தேடி வருவதற்கு வழி ஏற்படும்.

வீட்டுக்குள் பாம்பைக் கண்டுவிட்டால் செய்ய வேண்டியது மிகக் குறைவே. குழந்தைகளையும் நாய் பூனைகளையும் அப்புறப்படுத்தி, பாம்பு எங்கே இருக்கிறது என்பதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் தீயணைப்புத் துறையின் 101 எண்ணுக்கோ வனத்துறைக்கோ தகவல் தரலாம். வெளியேற ஒரு கதவு திறந்திருந்து, மனிதர் சந்தடி அடங்கினால் பல பாம்புகள் தாமே போய்விடும். அடித்துக் கொல்ல முனைவதும், இளைஞர் சிலர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே கையால் பிடிக்க முயல்வதும் கடிபடுவதற்கான மிகச் சுருக்கமான வழிகள். துண்டிக்கப்பட்ட தலை கூடச் சிறிது நேரம் அனிச்சையாகக் கடிக்க வல்லது. மேலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை முதலியவற்றைக் கொல்வதையும் பிடித்து வைத்திருப்பதையும் தடை செய்கிறது. பிடித்த பாம்பைத் தொலைதூரக் காட்டில் விடுவது கருணை என்று தோன்றினாலும், ஒவ்வொரு பாம்புக்கும் பழகிய நடமாட்ட எல்லை உண்டு என்பதும், அதிலிருந்து பெயர்க்கப்பட்டது வழி தெரியாமல் அலைந்து பலவேளை அழிந்துபோகிறது என்பதும், உடலில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகளால் தெரியவந்துள்ளன. ஆகவே அருகிலேயே ஆளரவமற்ற இடத்தில் விடுவதே தக்கது.

கடி நேர்ந்துவிட்டால் செய்யக் கூடாதவற்றின் பட்டியலே நீளமானது. கடிவாயின் மேலே கயிற்றால் இறுகக் கட்டுவது நஞ்சைத் தடுக்காது. மாறாக இரத்த ஓட்டம் நின்று உறுப்பு அழுகவும், கட்டை அவிழ்த்தவுடன் தேங்கிய நஞ்சு ஒரே வீச்சில் பரவவும் இடமளிக்கும். கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், பனிக்கட்டி வைப்பதும், பச்சிலை அரைத்துப் பூசுவதும் தீமையே செய்யும். கடிபட்டவரை நடக்க விடாமல் அமைதியாகக் கிடத்தி, மோதிரம், வளையல், மெட்டி, கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் தோன்றுமுன் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குச் செய்வதைப் போலக் கட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வாந்தி வருமானால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. இந்தியாவில் கிடைக்கும் முறிவு மருந்து பெரும் நான்கு வகைகளுக்கும் பொதுவானது. மந்திரிப்பவரும் வேரைக் கட்டுபவரும் பலரைப் பிழைக்க வைத்ததாக ஊர் சொல்வதற்குக் காரணம், அவர்களிடம் வந்த பலரைக் கடித்தவை நஞ்சற்ற பாம்புகள் என்பதும், நஞ்சுள்ள பாம்பும் சிலவேளை நஞ்சைச் செலுத்தாமலே வெறுங்கடி கடிப்பதுண்டு என்பதுமே. உண்மையான நஞ்சு உடலில் ஏறியவருக்கு அங்கே கழியும் ஒரு மணி நேரம் உயிரின் விலை.

மருத்துவமனையில் முதலில் செய்யப்படும் சோதனைகளில் ஒன்று, கருவி எதுவும் தேவைப்படாதது. கடிபட்டவரின் இரத்தத்தில் 2 மில்லிலிட்டர் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின் மெல்லச் சாய்த்துப் பார்க்கின்றனர். இரத்தம் உறையாமல் வழிந்து ஓடினால், விரியனின் நஞ்சு உறைதலுக்கு வேண்டிய பொருட்களைத் தீர்த்துவிட்டது என்று பொருள். முறிவு மருந்து சிரை வழியாக, வழக்கமாக 8 முதல் 10 குப்பிகள் வரை முதலில் ஏற்றப்படுகிறது. குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே, ஏனெனில் பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சின் அளவைக் குறைப்பதில்லை.

இம்மருந்தின் வரலாறும் வீட்டுக்குள் புகுந்த பாம்புகளோடு தொடர்புடையது. 1891இல் அன்றைய பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் தென்பகுதியில் வெள்ளத்தால் நாகங்கள் ஊருக்குள் புகுந்து பலரைக் கடித்ததைத் தொடர்ந்து, சைகோனில் பணிபுரிந்த ஆல்பெர் கால்மெட் என்னும் மருத்துவர் பாம்பு நஞ்சை ஆராயத் தொடங்கினார். சிறு அளவு நஞ்சு ஏற்றப்பட்ட விலங்கின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளே மருந்தாகும் என்று 1890களின் நடுவில் நிறுவியவர்களில் அவரும் ஒருவர். இன்றும் குதிரைகளுக்கு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்தே இம்மருந்து எடுக்கப்படுகிறது.

அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து செல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் மக்கள், அவ்வணிகம் தடை செய்யப்பட்டதும் வாழ்வாதாரத்தை இழந்து நின்றபோது, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். பிடித்த பாம்பை, மணல் பரப்பிய மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, ஏறத்தாழ மூன்று வாரம் வைத்து, அதற்குள் நான்கு முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமாகச் சிறு நறுக்கு இட்டு மீண்டும் விட்டுவிடுகின்றனர். அந்த நறுக்கைக் கண்டால் அதே பாம்பை மறுபடி பிடிப்பதில்லை. மண்ணில் பதிந்த மெல்லிய தடத்தையும், வளை வாயில் கிடக்கும் எச்சத்தையும் கொண்டே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று கூறும் அவர்களது அறிவு, நாடு முழுவதும் உயிர்காக்கும் மருந்தாக மாறுகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது தாமதமான மரியாதை என்றாலும் தக்க மரியாதை.

ஆயினும் ஒரே வட்டாரத்துப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்யும் மருந்து நாடு முழுவதற்கும் சமமாகப் பயன்படுவதில்லை. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் நிலத்துக்கு நிலம் மாறுபடுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்துவரும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இலங்கையும் இந்திய மருந்தையே நம்பியுள்ளது. அங்கும், மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டப் பகுதிகளிலும் கடிக்கும் குழிவிரியனுக்கு இம்மருந்து பயன் தருவதில்லை.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்ததால், அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் ஒவ்வொரு கடியையும் பதிவு செய்து தெரிவிக்க வேண்டிய கடமை ஏற்பட்டுள்ளது. எந்த வட்டாரத்தில் எத்தனை கடி என்பது தெரிந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி மருந்து இருக்க வேண்டும் என்பதைத் திட்டமிட முடியும். அதே அக்கறை உயிர் பிழைத்தவர்கள் மீதும் திரும்ப வேண்டும். கண்ணாடி விரியன் கடியால் சிறுநீரகம் பழுதுபட்டு, வீடு திரும்பிய பின்னும் நெடுங்காலம் அல்லற்படுவோர் உண்டு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டு, மாதங்கள் கழித்து ஓயாத சோர்வும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோதலும், உடல் மெலிவும் தோன்றுவோரும் தென்னிந்தியாவில் காணப்பட்டுள்ளனர். கடி ஆறிவிட்டது என்று அதை மறந்துவிடாமல், பின்னாளில் எந்த மருத்துவரிடம் சென்றாலும் பாம்புக்கடி நேர்ந்ததைச் சொல்வதும், சிறுநீரகச் சோதனையைக் குறித்த காலத்தில் செய்துகொள்வதும் அவர்களுக்கு இன்றியமையாதவை; இதை வீடு திரும்பும் நாளிலேயே எழுதித் தருவது மருத்துவமனைகளின் வழக்கமாக வேண்டும்.